அக்காவின் மாத்திரை

தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. எலியின் ரத்தக்குழாயைக் குட்டிக் குட்டி வளையங்களாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலுக்குள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டிவிடுவாள். குழாய்ச் சுவரில் உள்ள தசை இறுகினால் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். அந்தத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் பொட்டாசியம் வெளியேறுவதற்கென்று நுண்ணிய கதவுகள் உண்டு. அவற்றைத் திறக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டால் போதும், முறுக்கிக்கொண்டு நின்ற தசை துவண்டுவிடும்.

அதே இனத்து மருந்தைத்தான் அக்கா மாத்திரையாக விழுங்கி வந்தாள். வேறெதற்கும் மசியாத ரத்த அழுத்தம் அதற்குத்தான் அடங்கியது. ஆனால் மேலுதட்டிலும் கன்னத்திலும் முடி முளைத்தது.

"இந்த வீட்டுல மீசை வெச்ச ஆம்பிளை யாருன்னா என் மருமகதான்," என்பாள் மாமியார், வந்தவர்கள் காதில் விழும்படி. அக்கா சிரித்து வைப்பாள். அத்தான் சிரிக்கமாட்டார். மனைவியின் முகத்தையே உற்றுப் பார்ப்பார். அவருக்கு உச்சியில் வழுக்கை.

"எலி டாக்டரம்மா," என்று ஒருநாள் தங்கையைக் கூப்பிட்டார். "மாத்திரையாலதான் இவளுக்கு முளைக்குதா?"

"ஆமா அத்தான், பக்க விளைவு."

"யாரு போட்டாலும் முளைக்குமா?"

"முளைக்கும். ஏன், மீசைக்கு ஆசையா?"

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் அக்காவின் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது, முள் எங்கேயோ உச்சத்தில் நின்றது.

"அக்கா, மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். டாக்டர் சொன்னார்னு அத்தான்தான் சொன்னார்."

"மீதி மாத்திரை?"

அக்கா புடவை நுனியைத் திருகினாள். சாப்பாட்டு மேசையிலிருந்து அத்தான் எழுந்து வந்தார். அவர் உச்சியில் புதுப்புல் போலக் கறுப்பு முடி.

"நீங்களா?" என்றாள் தங்கை.

"பாதிப் பாதி. புருஷன் பெண்டாட்டிக்குள்ள இதுகூடப் பங்கு இல்லையா?"

"செத்துப்போவா அத்தான்!"

"சும்மா பயமுறுத்தாதே. உங்க அக்கா என்ன நீ அறுக்கற எலியா?"

"உங்களுக்கு வேணும்னா தனியா வாங்கிக்க வேண்டியதுதானே?"

"டாக்டர்கிட்ட போய் வழுக்கைக்கு மருந்து கேட்கச் சொல்றியா? மானம் போயிடும்."

"விடுடி," என்றாள் அக்கா. "எனக்கும் மீசை குறையுது. அவருக்கும் சந்தோஷம்."

தங்கை விடவில்லை. அத்தான் அக்காவின் தலையில் கைவைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தங்கை படியிறங்கியதும் மாத்திரை அட்டையைத் தன் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார். அதன்பிறகு அக்கா தினமும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்ட நாளில் போடவில்லை. அடுத்த மாதமே குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து திரும்பியதும் கூடத்தில் மாமியார் பேச்சை ஆரம்பித்தாள். "எம் பையனைப் பாருங்க, வயசே தெரியல. இப்படியே ஒத்தையா விட்டுட முடியுமா?"

தங்கை வாசலுக்கு வந்துவிட்டாள். அத்தான் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மருந்துச் சீட்டு அவ பேர்ல இருந்தது. இனிமே கடையில தரமாட்டான். உங்க லேப்ல அந்த மருந்து கிடைக்குமா?"

அவர் தலையை அவள் பார்த்தாள். எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, நெற்றி வரைக்கும் படிய வாரியிருந்தார்.

"கிடைக்காது."

"நிறுத்திட்டா?"

"வளர்ந்ததெல்லாம் கொட்டிடும் அத்தான். கொத்துக் கொத்தா."

காலையிலிருந்து அழாத மனிதர் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் பொங்கியது. மாமியார் ஓடிவந்து, "அழுதுடுப்பா, உள்ளேயே வெச்சுக்காதே," என்று முதுகைத் தடவினாள். உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"பாவம்," என்றார் ஒருவர் தங்கையிடம். "உங்க அக்கா மேல உயிரையே வெச்சிருந்தான்."