மாவுக்கட்டு

கறிக்கடைக்காரன் விட்ட அந்தக் குத்து மட்டும் குறி தப்பாமல் விழுந்திருந்தால் வாடிக்கைக்காரரின் வாயில் ஒரு பல் மிஞ்சியிருக்காது. "பாதிக்கு மேல எலும்பாப் போடுறியே" என்று கேட்டார், அவ்வளவுதான் அவர் செய்த பாவம். மனுஷன் கெட்டிக்காரர், சட்டென்று குனிந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த குளிர்பெட்டியின் இரும்புக் கதவுக்குக் குனியத் தெரியவில்லை. பக்கத்தில் கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு, சத்தம் கேட்டவுடனே உடைந்தது எலும்பு என்று தெரிந்துவிட்டது. நாள் முழுக்க அதையே கேட்கிறவளுக்குத் தெரியாதா என்ன.

அடி வாங்க வேண்டியவர் கறியோடு வீட்டுக்குப் போனார். அடித்தவன் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். ஊரில் அவனுக்குப் பெயரே 'கத்தி'தான். கத்தி பிடிக்கிற கை போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம் இருக்க, கடை வாசலில் கூட்டம் கூடத் தொடங்குகிற நேரத்தில் கதவுக்குப் பூட்டு விழுந்தது.

எட்டாத பழம் புளிக்கும் அல்லவா? "இந்த வருஷம் எல்லாமே எளிமையா இருக்கட்டும். புதுத்துணி வேணாம், விருந்து வேணாம். ஆண்டவரே மாட்டுத் தொழுவத்துலதானே பிறந்தாரு" என்று அறிவித்தான். என்னமோ இவனே யோசித்து எல்லாவற்றையும் துறந்ததுபோல! ஞாயிற்றுக்கிழமை போதகரும் அதையொட்டியே பேசினார். சாப்பிட உட்காரும்போது வீட்டில் ஆளுக்கொரு காரியத்துக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து கத்தி, மனைவி, ஏழு வயது மகள் பாப்பா, மூன்று பேரும் மேஜையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து நன்றி சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் வாரம் அவனுக்குப் பழைய புத்தி போகவில்லை. தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதற்கு மனைவியை இடது கையால் அறையப் போனான். இடது கையால் பொத்தான்கூடப் போடத் தெரியாதவன் அறையவா போகிறான்? தடுமாறி மேஜைமேல் சாய்ந்ததில் கட்டுப் போட்ட கை நசுங்கி, தெருவே கேட்கும்படி அலறினான். அதற்கப்புறம் கை ஓங்கவில்லை. போகப் போகக் குரலும் இறங்கிற்று. பாப்பாவோடு உட்கார்ந்து காகித நட்சத்திரம் ஒட்டினான். மனைவி கஞ்சி ஆற்றிக் கொடுத்தால் "தேங்க்ஸ்மா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. கழுத்துவரை பொத்தானிட்ட ரவிக்கை போட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லாமல் போயிற்று. மறைக்க ஒன்றுமில்லையே.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? வாழ்க்கையிலேயே நல்ல கிறிஸ்துமஸ் இதுதான் என்று நினைத்தாள். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி அவளைக் குடைந்தது. மாறியது மனசா, மாவுக்கட்டா? மனசாகவே இருக்கட்டும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று கெஞ்சினாள். மாவுக்கட்டாக இருந்தால் அவளும் பாப்பாவும் பழையபடி செத்துச் செத்துப் பிழைக்க வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். கத்தி வீட்டுக்கு வந்ததும் வெட்டுக்கத்தியை எடுத்து மேஜையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். மனைவி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் மெழுகுவத்தியை ஏற்றினார்கள். ரொட்டியும் சூப்பும். "என் கையைத் திருப்பிக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றான் அவன். அடுத்து பாப்பா. அவள் எப்போதும் உள்ளங்கைக்குள் முகத்தை வைத்து முணுமுணுத்துவிட்டு ஆமென் சொல்கிறவள்.

"இன்னைக்குச் சத்தமாச் சொல்லு" என்றான்.

"விடுங்க, சின்னப் புள்ள. அவ மனசுக்குள்ள சொல்லிக்கட்டும்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. நீ சொல்லுடா கண்ணு."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். "இயேசப்பா, அப்பா கை ஒடிஞ்சதுக்கு நன்றி. ஆமென்."

முதலில் அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "தினமும் இதையேதான் சொன்னியா?"

குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தலையாட்டினாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்று மனைவி பக்கம் திரும்பினான்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் தினமும் அதுக்குத்தான் நன்றி சொன்னேன். அவ சத்தமாச் சொல்லிட்டா, நான் சொல்லல."

அறை விழுந்தது. வலது கை, பழைய பலம் அப்படியே இருந்தது. அவள் நாற்காலியோடு சரிந்தாள். சூப் கிண்ணம் சுவரில் மோதிச் சிதறியது. எழுவதற்குள் விலாவில் உதை விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பழகின வலிதான், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் தீர்ந்துவிடும் என்றுதான் கிடந்தாள். அப்போது பாப்பா அலறினாள். அவன் இடது கையால் மகளின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, வலது கையை மேஜையில் ஊன்றி, முகத்துக்கு நேராகக் குனிந்து கத்திக்கொண்டிருந்தான். "சொல்லு, இப்ப சொல்லு நன்றி."

எலும்பை உடைக்கக் கூர்ப்பக்கம் உதவாது, முதுகுப்பக்கத்தால் ஒரே போடு போட வேண்டும். பத்து வருஷமாக அவன் பக்கத்தில் நின்று பார்த்தவள். எழுந்து, அவன் துடைத்து மேஜையிலேயே விட்டிருந்த வெட்டுக்கத்தியை எடுத்தாள், திருப்பிப் பிடித்தாள், மேஜையில் ஊன்றியிருந்த மணிக்கட்டில் இறக்கினாள்.

ஒரே போடுதான். அவன் மகளை விட்டுவிட்டு மாடுபோல் கதறிக்கொண்டு தரையில் உருண்டான். அவள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். பாப்பாவின் தலையைத் தடவி ரொட்டியைக் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு துணியைக் கிழித்து அவன் கையைத் தூக்கிக் கட்டி, அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவன் முன்னால் நடந்தான். மகளும் அவளும் பின்னால் நடந்தார்கள்.

காலையில் பார்த்த அதே டாக்டர்தான். "என்னய்யா இது, எப்படி ஆச்சு?"

கத்தி தலையைக் குனிந்துகொண்டான். "வழுக்கி விழுந்துட்டேன்."

எத்தனையோ தடவை அதே அறையில் அவள் சொன்ன பதில்தான் அது. இந்த வீங்கின கன்னத்துக்கும் கொஞ்ச நாள் முன்னால் என்றால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"இல்ல டாக்டர், நான்தான் அடிச்சேன். புள்ள மேல கை வெச்சாரு, அடிச்சேன். அப்படியே எழுதிக்கோங்க" என்றாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"இந்தத் தடவையும் எலும்பு சேர்ந்துடும்ல?" என்று கேட்டாள்.

"சேர்ந்துடும்மா. ஆறு வாரம் ஆகும்."

"போதும். அதுக்குள்ள நாங்க வேற வீடு பாத்துடுவோம்."

கத்தி நிமிர்ந்து பார்த்தான். அவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.