சாட்சிக் கையெழுத்து

நான் கட்டிங் மாஸ்டர். கத்தரியை விட வாய்தான் வேகமாக ஓடும் என்பாள் என் வீட்டுக்காரி. அனுமதிக் காகிதம் இல்லாமல் இந்த நாட்டில் குடியேறியவர்களை என்ன செய்வது என்று நகர மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். தையல் பட்டறையில் எல்லோரும் சேர்ந்து என்னை மேடையேற்றிவிட்டார்கள்.

"நானும் வெளியிலேருந்து வந்தவன்தான்! ஆறு வருஷம் வரிசையில நின்னு காகிதம் வாங்கினேன். சுவரேறிக் குதிச்சவனுக்கும் எனக்கும் ஒரே பந்தியா? மூட்டை கட்டி அனுப்புங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எங்கள் பட்டறையில் காஜா எடுக்கிறவளும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். பதினோரு வருஷமாக எனக்கு அடுத்த மேசை. பொத்தான் துளை போடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. என் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்து இழுத்துப் போட்டு வேலை செய்தவள்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, ஊருக்கு அனுப்பிட்டாங்க. எங்கிட்ட காகிதம் இல்லண்ணே. பயந்து வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பினேன், பஸ் நிலையத்துல பிடிச்சுட்டாங்க."

"என்னம்மா உளர்றே?"

"பத்து வருஷம் இருந்தவங்களுக்கு ஒரு வழி விட்டிருந்தாங்க. கூட வேலை பாக்குற ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும். கூட்டத்துக்கு மறுநாள்தான் கடைசித் தேதி. உங்ககிட்ட கேக்கலாம்னு ஃபாரத்தைப் பையில வெச்சிருந்தேன்."

"அடிப்பாவி, கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேனே!"



"நீங்க பேசினதைக் கேட்டப்புறம் எப்படிண்ணே கேப்பேன்? எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது வேறொருத்தி. சட்டம் வேண்டும், வரிசையும் வேண்டும். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூட்டை கட்டச் சொன்னபோது யாருடைய மூட்டை என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன் என்றேனே, அதுவும் பொய். கைதட்டல் காதில் இரைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் அவள் ஃபாரத்தை நீட்டியிருந்தால், "ச்சீ, நீயுமா?" என்றுதான் கேட்டிருப்பேன். பதினோரு வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவளுக்கு அது தெரிந்திருக்கிறது.