பத்து மணி மாத்திரை

என் மச்சான் விஜிதரனுக்குப் பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும் என்று எங்கள் தேயிலைத் தோட்டமே ஒற்றைக்காலில் நின்றது. எனக்கு அதில் இஷ்டமில்லை. என் மனைவி பூரணி செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அவளுடைய தம்பிக்கு மாலை, மரியாதை. ஆனாலும் போனேன். அவள் இருந்திருந்தால் என்னை விட்டிருக்கமாட்டாள்.

மச்சான் லிந்துலைப் பக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, டாக்டராகி, கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரத்தம் எடுக்க இங்கேதான் வந்தார். ஊசியைக் கண்டதும் பெண்கள் நழுவினார்கள். பூரணிதான் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்து எல்லோரையும் கூட்டி வந்தாள். முதலில் நீட்டியதும் அவள் கைதான். "என் தம்பி நம்மளப் பத்தி எழுதுறான். ஒரு குப்பி ரத்தம் குடுத்தா தேஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டாள். மச்சான் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தலை காட்டுவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

விழாவில் பள்ளிக்கூட அதிபர் மச்சானின் பெருமைகளை வாசித்தார். எழுதிய கட்டுரைகள் நாற்பதுக்கு மேல். எங்கள் பெண்களைப் பற்றி எழுதிய ஒன்றை மட்டும் உலகம் முழுவதும் ஆயிரத்து இருநூறு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். பேராசிரியர் பதவி கிடைத்ததும் அதனால்தானாம். கோயில் மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நானும் தட்டினேன்.

அப்போது பக்கத்து வீட்டுச் சுலக்ஷனா எழுந்தாள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அன்றைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"எங்க ரத்தத்துல என்னாத்தக் கண்டுபுடிச்சீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

மச்சான் சிரித்தபடி மைக்கை வாங்கினார். கிளினிக்கில் கொடுக்கும் ரத்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால், அதிலிருக்கும் இரும்புச் சத்தைத் தேத்தண்ணி உடம்பில் சேரவிடாதாம். மலையில் எல்லோரும் அப்படித்தான் விழுங்கினார்கள், அதனால்தான் ரத்தம் ஊறவில்லை என்பதுதான் அவர் கண்டதாம். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுத் தேத்தண்ணியைக் கொஞ்ச நேரம் தள்ளிக் குடித்தாலே ரத்தம் ஊறுமாம்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பெண்களுக்கு மாத்திரை நேரம் என்றால் மலையில் பத்து மணித் தேத்தண்ணி நேரம்தான். விடியற்காலையில் போட்டால் குமட்டும், ராத்திரி அசதியில் மறந்துபோகும். பூரணி மாசமாக இருந்தபோது ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை. தம்பியை டாக்டராக வைத்துக்கொண்டு தான் விட்டால் ஊர் சிரிக்கும் என்பாள். நான் கொழுந்துச் சாக்குத் தூக்குகிறவன். அந்த நேரத்துக்கு அவள் கொழுந்து பறிக்கும் நிரைக்குப் போய், தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து கோப்பையில் ஊற்றிக் கொடுப்பேன். அவளுக்குப் பிடிக்குமே என்று சாயத்தைக் கூட்டித்தான் போட்டிருப்பேன்.

பிள்ளை பிறந்ததும் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏற்கெனவே உடம்பில் ரத்தமே இல்லை, கொடுத்த மாத்திரையை எல்லாம் வீசிவிட்டாளா என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார்கள். இல்லை என்று சத்தியம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை. குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விழா முடிந்து மச்சானைத் தனியாக நிறுத்தினேன். இதைக் கண்டுபிடித்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். நாலு வருஷம் என்றார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. அக்கா மாத்திரையை எதில் விழுங்கினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கட்டுரைதான் வெளிவந்துவிட்டதே, மேலே இருக்கிறவர்கள் படித்திருப்பார்கள், கிளினிக் வரைக்கும் வந்திருக்கும் என்று நினைத்தாராம். அதற்குள் அடுத்த ஆராய்ச்சி தொடங்கிவிட்டதாம்.

"ஒங்க அக்காவுக்கு இங்கிலீசு தெரியாது மச்சான்" என்றேன். "தீவாளிக்குச் சோறு போட்டாளே, அப்ப ஒரு வார்த்த வாயால சொல்லியிருக்கலாமே."

அவர் பொன்னாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஊற்றிக் கொடுத்த கை என்னுடையது.

மறுநாள் பத்து மணிக்கு மலையில் சுலக்ஷனா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டாளாம். என் போத்தலில் இருந்த தேத்தண்ணியைக் கொட்டினேன். கீழே ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறங்கி, போத்தலை நன்றாக அலசி, தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். பூரணி குடித்த கோப்பையில்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, கோப்பையைத் திருப்பித் தந்தாள்.

"இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.