இரவல் சனிக்கிழமை

டமார்!

கையில் இருந்த சோளரொட்டியோடு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பீக்கன் மரத்தின் பாதி, ராய்ஸ் டிட்வெல்லின் பிக்கப் வண்டி மேல் படுத்திருந்தது. காலையிலிருந்தே காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த நாள். டெக்சஸின் எங்கள் பக்கத்துச் சமவெளியில் காற்றுக்குத் தடுப்பு என்று இருப்பதே இரண்டு மூன்று மரங்கள்தான். அதில் ஒன்று போய்விட்டது.

ராய்ஸ் தன் வீட்டுப் படியில் நின்றிருந்தான். நிலைப்படி இடிக்கும் உயரம். இருபது வருடம் ஓட்டிய வண்டி அப்பளமாகக் கிடக்கிறது. அவன் முகத்திலோ சிரிப்பு.

"ஹாலிஸ், இனிமே எவனாவது சோபா தூக்கணும்னு வந்தா நான் என்ன சொல்வேன் தெரியுமா?"

"என்ன சொல்வே?"

"வண்டி இல்லப்பான்னு சொல்வேன்டா!"

சொல்லும்போதே அவனுக்கு நாக்கு இனித்தது. ஏனென்றால் 'முடியாது' என்ற சொல் அந்த வாயில் அதுவரை வந்ததே இல்லை.

எங்கள் ஹார்க்கர் ஊரில் பிக்கப்புக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் எல்லாம் மெழுகு போட்டுத் துடைத்து, கீறல் விழுந்தால் அழுகிற சாதி. ராய்ஸின் வண்டிதான் பின்னால் சாமான் ஏற்றும் நீளத் தொட்டியும் பழைய கீறல்களுமாக எதற்கும் தயாராக நிற்கும். சனிக்கிழமை விடிந்தால் யாராவது கூப்பிடுவார்கள். குளிர்பெட்டி, கட்டில், வைக்கோல் கட்டு, ஒருமுறை ஒரு பியானோ. கூலி கொடுத்தால் சண்டை வரும். புகைபோட்டு வேகவைத்த மாட்டிறைச்சி ஒரு தட்டு, குளிர்ந்த பீர், வண்டிக்குப் பெட்ரோல். அதுதான் முறை.

அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் அவன் மனைவி வெர்னா வீட்டில் தனியாக இருந்தாள்.

"பிக்கப் பேச்சே எடுக்காதே. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்" என்றாள் அன்றைக்கே. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. மூணாவதா ஒரு தலையணைகூட ஏறக் கூடாது. சனிக்கிழமை ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் எங்கயாவது போறோம்."

"ஆமாம்மா, அதேதான்" என்றான் ராய்ஸ்.

வியாழக்கிழமை அவர்களை என் பழைய காரில் அமரில்லோ நகருக்கு அழைத்துப் போனேன். கார் விற்பனைக் கூடத்தின் முகப்பில் வெள்ளை பிக்கப் ஒன்று யானை மாதிரி நின்றது. மூலையில், எலுமிச்சை மஞ்சளில், தரையோடு தரையாக அந்த ஸ்போர்ட்ஸ் கார்.

ராய்ஸ் முதலில் தொப்பியைக் கழற்றினான். பிறகு ஒரு காலை உள்ளே விட்டான். மற்றதை விட்டான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் வந்து நின்றன. தொப்பிக்கு இடமில்லை, அது வெர்னாவின் மடிக்குப் போயிற்று. இறங்கும்போது விற்பனைப் பையன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம்.

"கிணத்துல விழுந்த மாட்டைக்கூட இதைவிடச் சுலபமா ஏத்திடலாம்" என்றேன்.

"பொறாமைடா உனக்கு."

பையன் கெட்டிக்காரன். "திங்கக்கிழமை வரைக்கும் வச்சு ஓட்டிப் பாருங்க சார். பிடிக்கலைன்னா வெள்ளை பிக்கப் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சாவியை நீட்டினான்.

அன்று சாயங்காலம் வெர்னா என் வீட்டுக்கு வந்தாள். என் மகள் டாரா கல்லூரிக்காக லபக் நகருக்கு வீடு மாறுவது அந்தச் சனிக்கிழமைதான்.

"ஹாலிஸ், சனிக்கிழமை ராய்ஸைக் கூப்பிடாதே."

"வண்டியே இல்லாத ஆளைக் கூப்பிட்டு என்ன செய்யப் போறேன்?"

"கூப்பிடுவே. கட்டில் தூக்க ஒரு ஆள், கயிறு கட்ட ஒரு ஆள்னு கூப்பிடுவே. எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நாள், நாங்க ரெண்டு பேரும் பள்ளத்தாக்கு பாக்கப் போறோம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

சனிக்கிழமை காலை என் மச்சான் கார்லிஸின் பளபளக்கிற பிக்கப்பைக் கெஞ்சி வாங்கி, கயிறு எடுக்கத் தீவனக் கடைக்குப் போனேன். எதிரே ஒரு மஞ்சள் கார் வந்தது. எங்கள் சாலைகளில் எதிரே வருகிறவனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்காமல் போனால் ஒன்று நீ வெளியூர், இல்லை கோபத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம். அந்தக் காரைப் பார்த்து என் விரல் எழவில்லை. இருபது வருடம் ராய்ஸை பிக்கப்பிலேயே பார்த்துப் பழகிய கண், யாரோ பட்டணத்து டல்லாஸ்காரன் என்று நினைத்துவிட்டேன். தாண்டிய பிறகுதான் கண்ணாடியில் வெர்னாவின் பச்சை ஸ்கார்ஃப் பறப்பது தெரிந்தது.

மதியம் நானும் கார்லிஸும் மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் குட்டைத் தொட்டியில் அது பாதிதான் உட்கார்ந்தது. கார்லிஸோ, "பெயின்ட், பெயின்ட்!" என்று பிரசவ அறை வாசலில் நிற்பவன் போல் அலறிக்கொண்டிருந்தான். அப்போது மஞ்சள் கார் வந்து நின்றது.

"அதுக்குள்ள பள்ளத்தாக்கு பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"பாதி வழியில திரும்பியாச்சு" என்றாள் வெர்னா. "நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பாக்குறான். பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, போன் வேலை செய்யுதான்னு பாக்க எனக்கே அடிக்கிறான். நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன்!"

ராய்ஸ் இறங்கவில்லை. கன்னத்தில் வெயில் அடித்துச் சிவந்திருந்தது.

"வழி நெடுக விரலைத் தூக்கித் தூக்கி எனக்கு வலியே வந்துடுச்சு. ஒருத்தன் திருப்பித் தூக்கல. நீகூடத் தூக்கலடா."

"டல்லாஸ்காரன்னு நினைச்சிட்டேன்பா."

"டல்லாஸ்காரன்!" என்றான். அறை வாங்கியவன் குரல்.

பிறகு அவன் கண் மெத்தை மேல் போயிற்று. கயிற்றின் மேல் போயிற்று.

"அது என்ன முடிச்சு?"

"ஏதோ ஒரு முடிச்சு."

"இதைக் கட்டிட்டுப் போனா உன் பொண்ணுக்கு முன்னாடி மெத்தை காலேஜ் போய்ச் சேர்ந்துடும்."

எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. இம்முறை யாரும் கை கொடுக்கவில்லை. மெத்தை அருகே வந்தான், கயிற்றைத் தொட்டான், பிறகு அதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன்டா, உன் பொண்ணு வீடு மாறுறா. என்னைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணலையா?"

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்ச்சுல மேஜையெல்லாம் இன்னைக்குத்தான் மாத்துறாங்க. பாத்துட்டுத்தான் வர்றேன், தப்புத் தப்பாத் தூக்குறாங்க. பள்ளிக்கூடக் கோச் இறைச்சி அடுப்பை ஏத்த முடியாம திணறுறார். என்னைக் கண்டதும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க." அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது. "வண்டிதான போச்சு? எனக்குக் கையுமா போச்சு? இந்த ஊருக்கு என்னடா ஆச்சு?"



வெர்னா காரிலிருந்து இறங்கினாள். மெதுவாக நடந்து வந்து, எம்பி, தொப்பியை அவன் தலையில் வைத்தாள்.

"ஊருக்கு ஒண்ணும் ஆகல ராய்ஸ், வீடு வீடாப் போய்ச் சத்தியம் வாங்கினது நான்தான். ஊரே உன்னை இரவல் வாங்குதே, ஒரு சனிக்கிழமை நானும் வாங்கிப் பாப்போமேன்னு. போதும் சாமி, அந்த வெள்ளை பிக்கப்பையே எடு. ஆனா இனிமே முன்சீட்டுல நானும் ஏறுவேன்."