மரியாதைப் பன்மை

தர்ஷனா பழுப்புத் தாளில் மல்லாந்து படுத்திருக்க, கைரியா அவளைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தன் உடம்பின் உருவத்தைத் தாளில் எடுத்து, உள்ளே தனக்குப் பிடித்த நிறங்களை நிரப்புவது அன்றைய பயிற்சி. கண்டியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி அது. ஆண் என்றோ பெண் என்றோ வீட்டார் வைத்த இடத்தில் பொருந்தாத பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்கே வந்து வரைகிறார்கள், களிமண் பிசைகிறார்கள், சிலசமயம் அழுகிறார்கள். நடத்துகிற நிலூஷா மிஸ்ஸுக்குச் சிங்களம் மட்டுந்தான் தெரியும். கைரியாதான் மொழிபெயர்ப்பாள்.

வந்தவர் அழகமுத்து, தர்ஷனாவின் அப்பா. ஆஸ்பத்திரிக்கென்று மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறியவர், மகன் போகிற சித்திர வகுப்பையும் எட்டிப் பார்க்கலாமென்று வந்துவிட்டார். அவருக்கு அவள் துஷாந்த். எழுந்தவள் தோடுகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நிலூஷா மிஸ் சந்தோஷமாக நிறையப் பேசினார். பேச்சுச் சிங்களத்தில் ஒரு பெரிய வசதி, 'எயா' என்றால் போதும். அவனா அவளா என்று வாய் முடிவெடுக்க வேண்டியதில்லை. தமிழ் விடுமா? வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பதில் கேட்கும். கைரியா வழக்கம்போல மரியாதைப் பன்மைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"நல்லா வரையிறாங்களாம். மத்தவங்களோடயும் நல்லாப் பழகுறாங்கன்னு மிஸ் சொல்றாங்க."

அழகமுத்து சிரித்தார். "எம் மகனுக்குப் போயி எதுக்குங்க இவ்ளோ மரியாதை? அவன்னே சொல்லுங்க."

கைரியா குனிந்து தரையிலிருந்த தாளைச் சுருட்டத் தொடங்கினாள். அவருடைய சிரிப்பு குறைந்தது.

"இவனப் பத்தி லயத்து வீடுகள்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. இங்கயும் அப்படி ஏதும்னா சொல்லிருங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்."

இந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று தர்ஷனா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதை மிஸ்ஸுக்கு மொழிபெயர்த்தவளும் கைரியாதான். இப்போது மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தர்ஷனாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்படி ஒன்னும் இல்லைங்க. நல்ல பையன். நல்லா வரையிறான்."

கடைசியில் ஒரு 'ன்', அவ்வளவுதான். அழகமுத்துவின் முகம் தெளிந்தது. "அது போதுங்க. வாரா வாரம் அனுப்பிவிடுறேன்." எல்லோருக்குமாக வாங்கிவந்த, மீன் அடைத்த மாலு பணிஸ் பையை மேசையில் வைத்தார். மகனின் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கினார். நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

கைரியாவின் கண் கலங்கியதைக் கண்டு, அப்படி என்ன சொன்னாய் என்று மிஸ் கேட்டார். சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். எயா நல்ல பிள்ளை, எயாவுக்கு நன்றாக வரைய வருகிறது. அந்த மொழியில் அதில் ஒரு குற்றமும் இல்லை.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் மிஸ். கைரியா விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"கோபமா தர்ஷனா?"

"இல்லக்கா. அப்பா முன்னுக்கு வேற என்னத்த சொல்றது?" ஜன்னலால் அப்பா போவதை எட்டிப் பார்த்தாள். "இனிமே இங்கயும் அவன்னே கூப்பிட்டுப் பழகிருங்க. அவரு இருக்கப்ப வாய் தவறிருச்சுன்னா, அப்புறம் விடமாட்டாரு."

பையைத் திறந்து ஒரு பணிஸை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியைக் கைரியாவிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கக்கா. இன்னும் சூடா இருக்கு."

கைரியா வாங்கிக்கொண்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.