உட்சுவருக்கு வாங்கிய கதவு

கனிசியஸ் விரலால் தட்டியதும் கராச் சுவரின் பழைய சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து, திறந்து வைத்திருந்த மெசினுக்குள் கொட்டியது. குருநகரில் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன், யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்து ஒரு வருசமாகிறது. இப்போது வாடகை வீட்டுக் கராச்சில் தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துகிறான். சுவருக்கு உள்பக்கம் ஏதாவது அடித்தே ஆகவேண்டும். பொருள் தடையால் சீமெந்து கண்ணிலும் காணக் கிடைக்காது. தகரம் அடித்தால் மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது. தென்னோலைக் கிடுகு என்றால், மண்ணெண்ணெய் புழங்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

"பலகைதான் சரி," என்றாள் மனைவி யோசப்பின். "நானும் வாறன். நீங்கள் இத்துப்போனதை வாங்கிக்கொண்டு வருவியள்."

பழைய மரம் விற்கும் பஞ்சலிங்கத்தின் வளவில் கதவுகளும் யன்னல்களும் வேலியோடு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போன யோசப்பின் ஒரு நீலக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள். பூட்டுக்குக் கீழே சதுரமாக ஒரு மரத்துண்டு ஒட்டியிருந்தது. குருநகர் வீட்டு வாசலில் பூட்டு மாற்றிய அன்று அதை வெட்டிப் பொருத்தியவன் கனிசியஸ்தான். கதவில் கையை வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"நல்ல வேம்பு, தங்கச்சி," என்றார் பஞ்சலிங்கம்.

"உது எங்காலை வந்தது?" என்று கேட்டான் கனிசியஸ்.

"குருநகர்ப் பக்கம். சிமியோன் எண்டு ஒராள் கொண்டந்து தந்தவர். ஏன், தெரிஞ்ச ஆளோ?"

சிமியோன் கனிசியஸின் தம்பி. வாரம் ஒருமுறை குருநகருக்குப் போய் வந்து, "வீடு அப்பிடியே நிக்குது, மச்சாள். முற்றம்தான் கூட்ட வேணும்" என்று யோசப்பினிடம் சொல்கிறவன்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கனிசியஸ் கதவை வாங்கினான். மாட்டுவண்டியில் ஏற்றிவந்து கராச் சுவரில் சாத்தினான்.

பின்னேரம் சைக்கிளில் வந்த சிமியோன் கதவைக் கண்டதும் வாசலிலேயே இறங்கி நின்றான்.

"வீட்டைக் கழட்டி விக்கிறியோடா?" என்றான் கனிசியஸ்.

"கழட்ட வீடு எங்கை அண்ணை இருக்கு? குண்டு விழுந்து மூண்டு மாசம். உந்தக் கதவு மட்டும்தான் முழுசாக் கிடந்தது. பாக்கப் பாக்கத் தாங்கேலாமல் குடுத்துப்போட்டன்."

"குசினி? அடுப்படி?" என்றாள் யோசப்பின்.

"இல்லை, மச்சாள்."

"கிணறு?"

"கூரை முழுக்க அதுக்குள்ளைதான் கிடக்கு." அவன் சைக்கிள் கைப்பிடியை விடவேயில்லை. "ஒவ்வொருமுறையும் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் முதல் கேள்வியே, எப்ப திரும்பிப் போகலாம் எண்டுதான் கேப்பியள்."

கனிசியஸ் ஒரு மெசினைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினான். பிறகு யோசப்பின்தான், "உள்ளுக்கு வா," என்றாள்.

சிமியோன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தான். சுவரோடு சாய்ந்திருந்த கதவின் அருகே வந்ததும், எண்ணெய் படிந்த அந்தத் தரையில், குருநகர் வீட்டு வாசலில் செய்வதுபோல, செருப்பிரண்டையும் கழற்றி வைத்தான்.