வாய்மொழித் தேர்வுக்கான பலகாரம்

பல்கலைக்கழகத் தாழ்வாரத்து மேசையில் ஹேரிம் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். தோல் விழுவதற்கு, மிஞ்சிப்போன சுவரொட்டி ஒன்றை விரித்திருந்தாள். ‘முனைவர் ஆய்வு வாய்ப்புகள்: வணிகவியல், சமூக அறிவியல்.’ சாறு பட்டு எழுத்துகள் ஊறின.

கதவுக்கு அந்தப் பக்கம் பியோனுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தது. அவர் சரக்குக் கிடங்குக் கம்பெனியின் இயக்குநர். வகுப்புக்கு வந்தால் தூங்குவார். அவர் கம்பெனிப் பணத்தில்தான் துறை ஓடியது. தேர்வாளர்களுக்குப் பழமும் அரிசிக் கேக்கும் வைப்பது ஹேரிமின் வேலை. அவருடைய ஆய்வேட்டை எழுதியதும் அவள்தான்.

அதிலிருந்த பேட்டிகளும் அவளுடையவை. இரண்டு வருடம் அவர் கிடங்கு வாசலில் நின்று, வேலை முடிந்து வரும் பெண்களிடம் வாங்கியவை. அவற்றை பியோனுக்குக் கொடுத்தால் அடுத்த பருவத்தில் உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நம்குங். பெயர்களை அடித்துவிட்டுக் கொடுத்தாள். ஒருத்தி இரட்டைப் பிள்ளைக்காரி என்பதை மட்டும் அடிக்க மறந்தாள். வரைவைப் படித்த பியோன் கேட்ட ஒரே கேள்வி, இது யார் என்பதுதான். அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தக் கிடங்கில் இரட்டைப் பிள்ளைக்காரி கூ மால்சுக் ஒருத்திதான். மாதம் முடிவதற்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மால்சுக் இப்போது அரிசிக் கேக் கடையில் இருக்கிறாள் என்று தெரிந்துதான் ஹேரிம் அங்கே ஆர்டர் சொல்லியிருந்தாள்.

லிஃப்ட் திறந்தது. மால்சுக் மூச்சு வாங்கியபடி பெட்டிகளை இறக்கினாள்.

“உங்க பரீட்சை இன்னிக்குத்தானா டீச்சர்? மேல இருக்கறது என் கணக்கு. பசங்க ரெண்டும் ஒட்டி விட்டுச்சுங்க.”

மேல்பெட்டியில் சிவப்பு நாடா. ‘டாக்டர் ஹேரிமுக்கு வாழ்த்துகள்.’

கதவு திறந்து நம்குங் தலையை நீட்டினார். காபி ஆறிப்போயிற்று, கண் தெரியவில்லையா என்று சிடுசிடுத்துவிட்டுப் போனார். கதவு பாதி திறந்தே நின்றது. பியோன் கையில் சுட்டுகுச்சியோடு திரை முன் நின்றார். திரையில் ஒரு வரி. ‘மூத்திரம் போற நேரத்துக்கும் சம்பளம் பிடிச்சாங்க. தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன்.’

மால்சுக் மெல்ல வாசித்தாள்.

“அது நான் சொன்னது.”

ஹேரிம் கத்தியைத் துடைத்தாள்.

“வித்துட்டியா?”

“விக்கல. என் பட்டத்துக்காக…”

“வித்திருந்தா காசாவது பாத்திருப்பே. என் வேலை போனது இதாலதானா?”

ஹேரிம் கத்தியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மால்சுக் நாடா ஒட்டிய பெட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். “மத்ததுக்கு முதலாளி ரசீது போட்டாச்சு. தின்னட்டும்.” லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கிப் போனாள்.

உள்ளே கைதட்டினார்கள். ஹேரிம் ஒரு பெட்டியைத் திறந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். நம்குங் அவள் காதருகே குனிந்தார்.

“ஒரே பேட்டிய ரெண்டு பேர் வெச்சுக்க முடியாதும்மா. வசந்தப் பருவத்துல புதுத் தலைப்போட வா. வாய்ப்பு எங்கயும் ஓடிடாது.”

பியோன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

“மெத்துனு இருக்கே. எந்தக் கடை? கிடங்குக்கும் சொல்லலாம்.”

பெட்டியின் விளிம்பில் கடையின் பெயர் அச்சாகியிருந்தது. ஹேரிம் கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு நின்றாள். அடுத்த துண்டுக்காக அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.